சீமாட்டிக்கு இறங்கத் தெரியாது

தையல்காரி கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? பள்ளிச் சீருடை தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஆளைக் கவிழ்த்துவிடும். வளர்கிற பிள்ளைகளுக்கே தைத்துத் தைத்து, எதைத் தைத்தாலும் ஒரு விரல் தாராளமாக விட்டுத்தான் தைப்பாள். கிளிக்குத் தைத்த மார்புப் பட்டையிலும் அப்படியே விட்டுவிட்டாள். முழுசாக வளர்ந்த கிளி இனி எங்கே வளரப்போகிறது, சொல்லுங்கள்!

கிளியின் பெயர் சீமாட்டி. பெயருக்கேற்ற திமிர். நாள் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக் கத்துவாள். பாவம், அவளும் நாலு மரத்தைப் பார்க்கட்டுமே என்றுதான் தையல்காரி மெத்தென்ற துணியில் பட்டை தைத்து, அதன் முதுகில் நீளக் கயிறு கோத்து, ஒரு சாயங்காலம் பூங்காவுக்குக் கிளம்பினாள்.

"பேசாம இறகை நறுக்கி விட்டுடு. தொல்லை விட்டுச்சு," என்றார் பஸ் கண்டக்டரான அவள் புருஷன்.

"உங்க காலை ஒடிச்சுட்டு வாக்கிங் கூட்டிட்டுப் போகட்டுமா?"

மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பூங்காவில் சீமாட்டியின் ஆட்டத்தைப் பார்க்கவேண்டுமே! புல்லைப் பிடுங்கினாள், பெஞ்சைக் கடித்துப் பார்த்தாள், சும்மா போன நாயைத் திட்டினாள். தையல்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்தா யாரோ பலூனை உடைக்கவேண்டும்? சீமாட்டி மிரண்டு பின்னால் இழுக்க, அந்த ஒரு விரல் இடைவெளியில் முதலில் தலை உருவியது, அப்புறம் ஒரு சிறகு, அவ்வளவுதான். தையல்காரியின் கையில் வெறும் பட்டை தொங்கியது. கிளி விர்ரென்று போய் ரோட்டோர மரத்தின் உச்சாணிக் கிளையில் உட்கார்ந்துகொண்டது.

கண்டக்டர் மரத்தடிக்கு ஓடினார். "இறங்கு! இறங்கு! சீக்கிரம் இறங்கு!" அந்தக் குரலுக்கு பஸ்ஸில் தூங்குகிறவன்கூட எழுந்து இறங்கிவிடுவான். சீமாட்டி இறங்கவில்லை. கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தாள், சிறகை விரித்தாள், மறுபடி மடக்கிக்கொண்டாள்.

"ஒரு கல்லை விட்டா தன்னால வந்துடும்," என்றான் வேடிக்கை பார்த்தவன் ஒருவன்.

"விட்டுத்தான் பாரேன், கையை முறிச்சுடுறேன்!" என்று பாய்ந்தாள் தையல்காரி. பாய்ந்த வேகத்திலேயே அவளுக்கு உறைத்தது. அடடா, இவளுக்கு வர மனசில்லாமல் இல்லை. இறங்கத் தெரியவில்லை! வீட்டுக்குள் வளர்ந்த கிளிக்கு ஏறத் தெரியும், குறுக்கே பறக்கத் தெரியும். திரைச்சீலைக் கம்பியில் ஏறிக்கொண்டால்கூட முக்காலி போட்டு ஏறி, அவளுக்குச் சரிமட்டத்தில் தோளைக் காட்டவேண்டும். அப்போதுதான் வருவாள்.

இந்த உயரத்துக்கு முக்காலிக்கு எங்கே போவது? தையல்காரி ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரத்தில் தெருவிளக்கு மாட்டுகிற லாரி நின்றது. அதன் நீளக் கையின் நுனியில் ஆள் நிற்கிற தொட்டி. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னை மேல ஏத்துங்க!"

விளக்குக்காரர் அவளையும் மரத்தையும் பார்த்தார். "வேலைக்கு உலை வைக்கிறீங்களேக்கா," என்று தலையைச் சொறிந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவளைத் தொட்டியில் ஏற்றி, இடுப்பில் பெல்ட்டை மாட்டித் தானும் ஏறிக்கொண்டார். "கிளிக்குப் பக்கத்துல கொண்டுபோய் விடட்டுமா?"

"வேணாம் வேணாம், சத்தத்துல மிரண்டு ஓடிடுவா. ரோட்டுக்கு இந்தப் பக்கமே, அவ உயரத்துக்குப் போங்க."

தொட்டி ஆடிக்கொண்டே மேலே போனது. முக்காலியில் நின்றாலே தலை சுற்றுகிறவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், சீமாட்டி! அவளும் பார்த்துவிட்டாள். தலையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

"வா" என்று வாயெடுத்தாள் தையல்காரி. விளக்குக்காரர் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"அக்கா, மேல பாருங்க."

மேலே பருந்து ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இலைக்குள் இருக்கும்வரை சீமாட்டிக்குப் பயமில்லை. வெட்டவெளிக்கு வந்தால் தீர்ந்தது கதை. ஆனால் கிளியோ கிளம்பத் தயாராகிவிட்டது! உடம்பைத் தாழ்த்தி, சிறகைப் பாதி விரித்து, ஒரு காலை எடுத்து வைத்துவிட்டது.

தையல்காரி சடாரென்று தொட்டிக்குள் குந்தி ஒளிந்துகொண்டாள்.

ஆளைக் காணாத சீமாட்டி கத்தினாள் பாருங்கள், அப்படி ஒரு கத்தல்! பசிக்கும் திமிருக்கும் கத்துவதைத் தையல்காரி கேட்டிருக்கிறாள். இது வேறு. அம்மா விட்டுவிட்டுப் போன குழந்தையின் அலறல். தையல்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அது அடங்கிவிடும். பிறகு கிளியே இருக்காது. பெற்ற வயிறாக இருந்தாலும் இப்படித்தான் எரியும்போல என்று நினைத்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"போயிடுச்சா?"

"இல்லக்கா."

"இப்ப?"

"இருங்க... திரும்புது... அந்தப் பக்கம் போகுது... போயிடுச்சு! போயிடுச்சுக்கா, கூப்பிடுங்க!"

துள்ளி எழுந்தாள். தொட்டி கிடுகிடுவென்று ஆடியது, அவளுக்கு அது உறைக்கவே இல்லை. "வாடி சீமாட்டி! வாடி என் தங்கமே!"

வந்தாள்! முதலில் தடுமாறினாள், ஒரு முழம் தாழ்ந்தாள், அப்புறம் பிடித்தாளே ஒரு வேகம்! அறைச் சுவருக்கும் சுவருக்கும் நடுவே பறந்தவளுக்கு அவ்வளவு நீளச் சிறகு இருப்பது தையல்காரிக்கு இன்றுதான் தெரிந்தது. கீழே ஜனங்கள் ஹோவென்று கத்த, பச்சைப் பசேலென்று ரோட்டைக் கடந்து, நேராக வந்து தோளில் விழுந்தாள்.

விழுந்த கையோடு காதைக் கவ்வி ஒரே கடி. ரத்தமே வந்துவிட்டது.

"ஐயையோ, கடிக்குதேக்கா! பிடுங்கி விடட்டுமா?" என்று பதறினார் விளக்குக்காரர்.

"விடுங்க தம்பி," என்றாள் தையல்காரி, சிரிப்பும் அழுகையுமாக. "ஒளிஞ்சுக்கிட்டேன்ல. கடிக்கட்டும்."