டிரைவரம்மா வீட்டு இறால் குழம்பு

டிரைவரம்மாவின் இறால் குழம்பை யாராவது மனதாரப் புகழ்ந்தால், அந்த வீட்டுச் சமையலறை வாசல் ஒரு விரல் அகலம் சுருங்கிவிடும். சத்தம் வராது, சுண்ணாம்பு உதிராது. இரண்டு பக்கச் சுவரும் கொஞ்சம் நெருங்கி நின்றுகொள்ளும், அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் முறையிட்டபோது, வாடகைக்கு விடும்போது வாசல் முழுசாகத்தான் இருந்தது என்று கையை விரித்துவிட்டார்.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டினார். மார்க்கெட் சந்தில் எதிரே லாரி வந்தாலும் பக்கக் கண்ணாடி உரசாமல் வண்டியை நழுவவிடுவார். கணவர் தையல்காரர், முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தார். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வார விடுமுறை வந்தால் டிரைவரம்மா ஒரு சட்டி இறால் குழம்பு வைப்பார். ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவி, மஞ்சள்தூள் போட்டு அலசி வைப்பார். உரித்த தலையையும் ஓட்டையும் மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். அவர் அதைக் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில்தான் புளி கரைப்பார். சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதங்கி, மிளகாய்த்தூளின் பச்சை வாடை போய், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை இறாலுக்குச் சட்டியில் இடமில்லை. கடைசியில் போட்டு, அது சுருண்டதும் இறக்கிவிடுவார். காரம் உச்சந்தலைக்கு ஏறும். மூக்கில் தண்ணீர் வழிய வழிய, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டுவார்கள். டிப்போவிலிருந்து கண்டக்டர் வருவார், கூடவே நாலு பேரைக் கூட்டி வருவார். வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டியவர் தையல்காரர். சமையலறை வாசலுக்கு அவர் தைத்துப் போட்ட திரை, சில வாரங்களில் சுருக்கம் விழுந்து தொங்கியது. அளவு தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வெளியே தெரிந்தால் தொழிலுக்கே அவமானம் என்று, யாரிடமும் சொல்லாமல் கழற்றி, ஓரத்தை மடித்துச் சின்னதாக்கி மாட்டினார். மறுபடி சுருக்கம் விழுந்தது, மறுபடி மடித்தார். வேறு யாராக இருந்தாலும் வாசலைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். தையல்காரர் தன் டேப்பைச் சந்தேகப்பட்டார். திரை எப்போதும் கச்சிதமாக இருந்ததால் மற்றவர்கள் கண்ணுக்கும் எதுவும் படவில்லை. ஒரு நாள் காலை, முந்தின நாள் குழம்பைத் தட்டில் வழித்துக்கொண்டே, ஊறின குழம்புக்குத் தனி ருசிதான் என்று அவர் மனதாரச் சொன்னார். காக்கிச் சட்டையும் சாப்பாட்டு டப்பாவுமாகச் சமையலறையிலிருந்து கிளம்பிய டிரைவரம்மா வாசலில் நின்றுவிட்டார்.

"ஏங்க, தோள் மாட்டிக்கிச்சு."

"பக்கவாட்டுல வாயேன்."

"பக்கவாட்டுலதாங்க நிக்கிறேன்."

சமையலறைக்குள்ளிருந்தே போகும்படி குளியலறை இருந்தது ஒரு புண்ணியம். கொத்தனாரை அழைத்தார்கள். அவர் மத்தியானத்துக்குள் ஒரு பக்கச் சுவரை நன்றாகவே கொத்தி எடுத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை முடிக்கலாம் என்று உட்கார்ந்தார். வேலைக்கு வந்தவருக்கு வயிறாரப் போடுவது அந்த வீட்டு வழக்கம். அன்றும் இறால்தான். "அம்மா, பொய் சொல்லல, இந்த மாதிரி குழம்பு என் வாழ்நாள்ல சாப்பிட்டதில்ல," என்றார் கொத்தனார். எல்லோர் கண்ணெதிரிலும், கொத்தின சுவர் வளர்ந்து பழைய இடத்தையும் தாண்டி ஒரு விரல் முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. தையல்காரர் வாசலுக்கு முன்னால் போய் நின்று, குழம்பு மோசம், படுமோசம் என்று தொண்டை வறளக் கத்திப் பார்த்தார். மனதில் இல்லாத வார்த்தைக்கு அந்த வாசல் அசையவில்லை.

அதன் பிறகு எந்த உளிக்கும் அந்தச் சுவர் மசியவில்லை; டிரைவரம்மா உள்ளேயே இருக்க, குழம்பு வைப்பதையே நிறுத்தினார்கள். ஆனால் சாப்பிட்டவர்கள் மறக்கவில்லையே. அன்னைக்குப் போட்ட குழம்பு இன்னும் நாக்குலயே நிக்குது என்று டிப்போவில் யாரோ பேச, இங்கே வாசல் நெருங்கும். இரண்டு வருஷத்தில் தட்டைச் சாய்த்துத்தான் உள்ளே விட முடிந்தது. தன் வழித்தட வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம், வேறு யாரோ கியர் மாற்றுவதைக் கேட்டு டிரைவரம்மாவின் இடது கால் தானாகத் தரையை மிதிக்கும். அழுவார், பிறகு வெங்காயம் உரிப்பார். மகள் வாசலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து, ஒரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்படி ஒரு நாள் அவள்தான் சொன்னாள்: "அம்மா, கோவிச்சுக்காத. எனக்கு இறாலே பிடிக்காது. நீ ஆசையா வைக்கிறியேன்னு சாப்பிட்டேன்." டிரைவரம்மாவின் முகம் விழுந்துவிட்டது. வாசல் ஒரு விரல் அகன்றது.

அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னபோது அசையவில்லை, ஆனாலும் வழி தெரிந்துவிட்டது. உண்மையிலேயே கெட்ட குழம்பு ஒன்று வைத்து, நாலு பேர் உண்மையாகவே திட்டினால் போதும். ஆனால் டிரைவரம்மாவின் கை கேட்கவில்லை. உப்பை அள்ளினால் பாதியிலேயே விரல் மூடிக்கொள்ளும். தீய விட்டால் கை தன்பாட்டுக்கு அடுப்பைக் குறைக்கும். பிறகு கண்டக்டர் வந்து, "அக்கா, மாசக் கடைசிக்குள்ள வந்து வண்டிய எடுக்கலன்னா பேரையே எடுத்துருவாங்களாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் டிரைவரம்மா நல்ல இறாலாகவே வாங்கி வரச் சொன்னார். நரம்பை எடுக்காமல், எண்ணெய் பிரியக் காத்திருக்காமல், எடுத்த எடுப்பிலேயே சட்டியில் போட்டுவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். இறால் சுருண்டு, இறுகி, கொதித்துக்கொண்டே இருந்தது. தன் பிள்ளையை யாரோ அடிப்பதைப் பார்க்க முடியாமல் நிற்பவரைப் போல அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிப்போக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். கண்டக்டர் மென்று பார்த்து, டயரைக் கடிக்கிற மாதிரி இருக்கு என்றார். மண்ணு நறநறங்குது என்றார் இன்னொருவர். கொத்தனார் ஒரு வாய்க்கு மேல் போகவில்லை. "இத்தனை வருஷத்துல உன் கையால இப்படி ஒண்ணு சாப்பிட்டதே இல்லம்மா," என்று தையல்காரர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் வாசல் விலகியது. ஒவ்வொரு சொல்லும் டிரைவரம்மாவைக் குத்தியது. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உரசாமல் வெளியே வந்தார்.

அதன் பிறகு அந்த அடுப்புப் பக்கமே அவர் போகவில்லை. சமையல் தையல்காரருடையது ஆனது. முன்பு மெஷினிலிருந்தும் பிறகு இரண்டு வருஷம் இடுக்கு வழியாகவும் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு விடுமுறை நாளில் துணிந்து இறால் வாங்கி வந்தார். ஓட்டைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் புளி கரைத்து, எண்ணெய் பிரியும்வரை பொறுத்திருந்தார். மூவரும் உட்கார்ந்தார்கள். எனக்கு இறால் பிடிக்காதுப்பா என்றாள் மகள். வாசல் ஒரு விரல் அகன்றது. டிரைவரம்மா ஒரு வாய் எடுத்து வைத்தார். காரம் உச்சந்தலைக்கு ஏறியது, மூக்கில் தண்ணீர் வந்தது. தன் குழம்பே யாரோ சுமந்து வந்து தட்டில் போட்ட மாதிரி இருந்தது. அவருக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. வாய்வரை வந்ததை விழுங்கினார்.

"உப்பு கொஞ்சம் கம்மிங்க."

தையல்காரர் திரும்பி வாசலைப் பார்த்தார். அது நூலளவுகூட அசையவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, இன்னொரு கரண்டி எடுத்து மனைவியின் தட்டில் ஊற்றினார்.