இருபது நிறைந்தால்தான் வண்டி

கார்பன் சட்டம் வந்த நாளிலிருந்து, பழைய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அள்ளும் லாரிகளுக்கு ஒரே விதிதான்: இருபது உருப்படி நிறையாமல் வண்டி நகரக் கூடாது. பாதி வண்டியாக ஓடினால் வீண் புகையாம். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதன் வயிறெரிவது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.

டிரைவர் மூன்று நாளாக அந்தச் சேகரிப்பு மையத்திலேயே கிடந்தார். எண்ணிக்கை பதினாறோடு நின்றுவிட்டது. நிறைந்தால் லாரி போக வேண்டியது அவர் சொந்த ஊர்த் தொழிற்சாலைக்குத்தான். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, அதே ஊர் ஆஸ்பத்திரியில், இன்று மாலை நான்கு மணிக்கு அவர் மனைவிக்கு இதயத்தில் ஆபரேஷன். "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உங்க முகத்தப் பாத்துடணும்" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். லாரியைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினால் வேலை போய்விடும். அந்த வேலை தரும் காப்பீட்டில்தான் ஆபரேஷனே நடக்கிறது. மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விடிந்ததும் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தெருத்தெருவாகக் கதவைத் தட்டினார்.

"அக்கா, ஓடாத மெஷின் ஏதாவது கெடக்குதா?"

நாலு வீட்டில் கிடந்தது. நாலும் வாஷிங் மெஷின். ஓடும்போது ஆடாமல் இருக்க ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கான்கிரீட் கட்டி உண்டு. முதுகு ஒடியத் தானே சுமந்து ஏற்றினார். பத்து மணிக்கெல்லாம் இருபது. அடித்துப் பிடித்து ஓட்டினால் மூன்றரைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வண்டி எடைமேடையில் ஏறியது. திரையைப் பார்த்த மேற்பார்வைக்காரப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது.

"அண்ணே, கடைசி நாலும் ஃபிரிட்ஜா இருந்தா பரவால்ல. இந்த எடையோட உங்க ஊரு தொழிற்சாலைக்குப் போனா புகை வரம்பத் தாண்டிடுமாம். கிட்ட இருக்கற வடக்குத் தொழிற்சாலைக்குப் போகச் சொல்லுது கம்ப்யூட்டர்."

"எங்க ஊரு தெக்குலம்மா."

"தெரியும்ணே."

"நாலையும் எறக்கிடட்டா?"

"எறக்கினா பதினாறு. கேட்டே தெறக்காது."

தன் கையாலேயே தூக்கி வைத்தோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம். அப்போது பார்த்துப் போன் அடித்தது.

"கெளம்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கெளம்பிட்டேன்."

"அப்பாடா! கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் நீங்க வர்ற வரைக்கும் பொறுக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட கெஞ்சி வெச்சிருக்கேன். பதறாம வாங்க."

"சரிம்மா" என்றார். கேட் திறந்தது. அவர் வண்டியை வடக்கே திருப்பினார்.