நான் திருத்திக் கொடுத்த கடிதம்

கோமதிநாயகம் மாமா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். 2005 ஜூன், மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் அவர் வாடகைக்கு இருந்தார். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் முப்பத்தைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவர். உறவில்லை, ஆனாலும் அவரை மாமா என்றும் அவர் மனைவி பகவதியம்மாளை அத்தை என்றும் கூப்பிட்டே வளர்ந்தவள் நான்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் சுப்பு, லீவில் வந்தபோது அவருக்கு ஓர் ஈமெயில் முகவரி உண்டாக்கிக் கொடுத்திருந்தான். மாமா அவ்வப்போது கிள்ளிப்பாலத்தில் இருக்கும் பிரௌசிங் சென்டருக்குப் போய், வந்ததைப் பிரிண்ட் எடுத்து வருவார்.

"சுப்பு அனுப்பினதுன்னு நெனச்சு எடுத்துட்டேன் மக்ளே. இது வேற யாரோ. கடை பில்லுன்னா நானே வாசிச்சிருவேன், இது கதை மாதிரி நீளமா கிடக்கு. நீ பொஸ்தகமெல்லாம் வாசிக்கவல்லா, தமிழில எழுதித் தா."

எழுதியவள் பெயர் எவலின் டாக்கோ. ஆப்பிரிக்காவில் ஒரு கடற்கரை நகரம். கொக்கோ வியாபாரியின் விதவை, பிள்ளையில்லை, புற்றுநோய், மருத்துவமனையில் கிடக்கிறாள். கணவன் விட்டுப்போன பெட்டியில் தொண்ணூற்றைந்து லட்சம் டாலர். அதை அனாதைகளுக்குக் கொண்டுசேர்க்க நேர்மையான ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு.

ஆங்கிலம் படுமோசமாக இருந்தது. ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடியது. கடவுள் என்று வரவேண்டிய இடத்தில் எழுத்துகள் இடம்மாறி நாய் என்று இருந்தது. நான் அதையெல்லாம் அவளுடைய காய்ச்சலாக எடுத்துக்கொண்டேன். நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களைக் கட்டுக்கட்டாக எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்த வயது. எங்கோ பனி பெய்யும் ஊர்களில் சாகப்போகிறவர்கள் எழுதும் கடிதங்கள், எனக்கு நேரில் வந்த கடிதங்களைவிட அதிகம் பழக்கம். ஆகவே எவலினை எனக்கு முன்பே தெரியும்போல் இருந்தது.

நாயைக் கடவுளாக்கினேன். நீண்ட வாக்கியத்தை ஆறாக உடைத்தேன். மருத்துவமனையில் இருக்கிறேன் என்று மட்டும்தான் அவள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே நான் எழுதினேன்: "என் படுக்கையருகே ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் துறைமுகம் தெரிகிறது. கப்பல்கள் கிளம்பும்போது நானும் கிளம்பிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது."

எழுதி முடித்தபோது எனக்கே கண் நிறைந்தது.

மாமா அதை அத்தைக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஜன்னல் வந்த இடத்தில் குரல் தடுமாறி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம், ஆருமில்லாதவ," என்றாள் அத்தை. "பின்னே, உங்களுக்கு எதுக்கு எழுதினா?"

"கடவுள் காட்டித் தந்த ஆளுன்னு எழுதியிருக்கா பாரு."

"கடவுளுக்கு வேற ஆளே கிடைக்கல்லியோ?"

சிரித்தார்கள். ஆனால் அன்றே மாமா தமிழில் ஒரு பதில் எழுதி என்னிடம் தந்தார், ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பச் சொல்லி. கடைசி வரியில், கப்பல்கள் இப்போதும் தெரிகின்றனவா என்று கேட்டிருந்தார்.

அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு அனுப்பினேன். பெரிய தப்பாகத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு பிரிண்ட் எடுக்க நானே போக ஆரம்பித்தேன். ஆங்கிலத் தாள்கள் என்னிடம், தமிழ்ப் பிரதிகள் அவரிடம் என்று ஆயிற்று. அடுத்த கடிதம் வந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, "கப்பலப் பத்தி என்ன எழுதியிருக்கா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் எழுதினேன்: "நேற்று முழுவதும் ஒரு வெள்ளைக் கப்பல் நகராமல் நின்றது. உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டேன்."

அந்த இரண்டாம் கடிதத்தில் வேறு சில சிக்கல்களும் இருந்தன. முதல் கடிதத்தில் கணவன் கார் விபத்தில் இறந்திருந்தான். இதில் நீண்ட நோயில். நான் அவனை விபத்தில் அடிபட வைத்து, பல மாதம் படுக்கையில் கிடத்தி, பிறகு சாகவிட்டேன். பெட்டியில் இருந்த தொகை இதில் எண்பத்தைந்து லட்சம் என்று எழுத்தால் எழுதியிருந்தது. டைப் செய்ததில் பிழை என்று நினைத்துத் தொண்ணூற்றைந்து என்றே எழுதினேன்.

மாமா குடியிருந்த வீட்டை அதன் உடமஸ்தர் விற்கப்போவதாக இருந்தார். ஓணத்துக்குள் முன்பணம் தந்தால் உங்களுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று சொல்லியிருந்தார். அந்த முன்பணம் வங்கியில் டெபாசிட்டாக இருந்தது. பெட்டி தில்லி வந்துவிட்டது, சுங்க ஏஜென்டுக்கு முப்பத்தெட்டாயிரம் கட்டவேண்டும் என்று மூன்றாம் கடிதம் வந்தது. மாமா கையில் இருந்ததையும் கடையில் வாங்கிய அட்வான்ஸையும் சேர்த்து தில்லியில் ஒரு கணக்குக்கு அனுப்பினார். ஜூலைக் கடைசியில் நாலாம் கடிதம்: இது பயங்கரவாதிகளின் பணமல்ல என்று சான்றிதழ் வாங்க ஒரு லட்சத்து இருபதாயிரம். டெபாசிட் ஏறக்குறைய அவ்வளவுதான். திங்கட்கிழமை அதை உடைக்கிறேன் என்றார் மாமா.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அந்த நாலாம் கடிதத்தை இன்னொரு பிரதி எடுக்கப் போனபோது பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. சென்டர் நடத்தும் ஸ்ரீஜித் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன். தாளை இழுத்தெடுத்தவன் கொடுக்காமல் வாசித்தான்.

"எடீ திவ்யா, நீ இதுக்குப் பதில் அனுப்புகயா?"

"ஆமா. ஏன்?"

"இது தட்டிப்பாக்கும், ஏமாத்து வேலை! எனிக்கும் வந்துச்சு. எனிக்கு விதவை இல்ல, பேங்க் மேனேஜர். மேல மாடியில யோசுவா சாருக்கு ஒரு வக்கீல். ஆளு அனுசரிச்சு அனுப்புவானுங்க."

"இது அப்படியில்ல ஸ்ரீஜித். அந்தம்மா சாகக் கிடக்கா."

"இவிடே வா. சாகக் கிடக்குறவங்களக் காட்டித் தாறேன்."

மாமாவின் ஈமெயிலில் இருந்த முதல் கடிதத்தின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடினான். ஒரு பக்கம் திறந்தது. ஏமாந்தவர்கள் சேர்ந்து இப்படி வந்த கடிதங்களைத் திரட்டி வைத்திருந்தார்கள். அதே விதவை, நாற்பது பெயர்களில். ஒருத்திக்குக் கொக்கோ, ஒருத்திக்கு வைரம். எல்லாவற்றிலும் கடவுள் அதே இடத்தில் நாயாகவே இருந்தார். பக்கத்தின் மேலே யாரோ எச்சரிக்கை எழுதியிருந்தார்: இவற்றை எளிதாக அடையாளம் காணலாம், மொழிப்பிழைகளைப் பாருங்கள், தொகை மாறுவதைப் பாருங்கள், இறந்தவர் இரண்டு விதமாக இறப்பதைப் பாருங்கள்.

எனக்குக் காது சுட்டது. எவலின் இல்லை என்பதற்காக அல்ல. பார்க்கச் சொன்ன ஒவ்வொன்றையும் நான் பார்த்திருந்தேன். பார்த்து, துடைத்து, சுத்தமாக்கி மாமாவிடம் கொடுத்திருந்தேன்.

"எந்தா? நீ பைசா வல்லதும் கொடுத்தியா?" என்றான் ஸ்ரீஜித்.

"நான் கொடுக்கல்ல," என்றேன். அந்தப் பதிலும் எனக்குக் கூசியது.

அன்று மாலையே மாமா வீட்டுக்குப் போனேன். டெபாசிட் ரசீதை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"மாமா, பைசா அனுப்பாதீங்க. இது தட்டிப்பு."

"ஆரு சொன்னா?"

"ஸ்ரீஜித். நானும் பார்த்தேன். இதே கடிதம் நாற்பது பேருல இருக்கு." பிரிண்ட் எடுத்து வந்ததை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "மக்ளே, பேப்பர்ல மரண அறிவிப்பு எல்லாம் ஒரே மாதிரித்தான் வருது. அதுக்காக ஆருமே சாகல்லன்னு அர்த்தமா?"

"அதில்ல மாமா..."

"நீ கேளு. பொய் எழுதுகவன் பைசாவப் பத்தி எழுதுவான். சரி. கப்பல் எதுக்கு? ஒரு வெள்ளக் கப்பல் நாள் முழுக்க நகராம நின்னுச்சுன்னு எதுக்கு எழுதணும்? அதுல அவனுக்கு என்ன கிட்டும்? உள்ள மனசில்லாதவனுக்கு அப்படி எழுத வருமா?"

"அதானே," என்றாள் அத்தை அடுக்களையிலிருந்து.

அப்போதே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவேண்டியதைச் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்று சமாதானம் செய்துகொண்டிருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் யோசித்தேன்.

"அந்தக் கப்பல் நான் எழுதினது, மாமா."

"என்னது?"

"ஜன்னல், கப்பல், எல்லாம். அவ எழுதல்ல. நானாச் சேர்த்தது."

மாமா ரசீதை ஓரமாக நகர்த்தினார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இங்கிலீஷ் தாளெல்லாம் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"கொண்டு வா. இருக்கபடி வாசி. ஒண்ணும் சேக்கண்டாம், ஒண்ணும் எடுக்கண்டாம்."

எடுத்து வந்து சொல்லுக்குச் சொல் வாசித்தேன். நாய் உங்களை ஆசீர்வதிப்பதாக. நான் சாகும் பெண் ஆகும், பணத்தைத் தானங்கள் செய்ய முடிவு. இப்படியே நாலு கடிதமும். மாமா பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். இரண்டாம் கடிதத்தில் பென்சில் நின்றது.

"எவ்வளவு சொன்ன?"

"எண்பத்தஞ்சு லட்சம்."

"முதல்ல தொண்ணூத்தஞ்சு. ஒரு மாசத்தில பத்து லட்சம் டாலர் எங்கட்டி போச்சு?" தமிழ்ப் பிரதியை எடுத்துப் பார்த்தார். "இதுல ரெண்டுலயும் தொண்ணூத்தஞ்சுன்னுல்லா இருக்கு?"

"பிழைன்னு நெனச்சு நான் திருத்திட்டேன் மாமா."

பென்சிலைக் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷமா இதத்தானே மக்ளே பாக்கேன்," என்றார். "ஒத்த வரி. அந்த ஒத்த வரி என் கண்ணுல பட்டிருந்தா போதும்."

அத்தை வாசலில் வந்து நின்றிருந்தாள். "அப்போ அந்தப் பொம்பள?"

"அப்படி ஒரு ஆளே இல்ல அத்தை."

"அந்தச் சூக்கேடு, புத்துநோயும் இல்லியா?"

"இல்ல."

"நான் அவளுக்கு வேண்டி நாப்பத்தொரு நாள் விளக்குப் போட நேந்திருக்கேனே. இருபது நாளாச்சு."

நான் இங்கிலீஷ் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை மாமா வங்கிக்குப் போகவில்லை. போன முப்பத்தெட்டாயிரத்துக்காவது ஒரு புகார் கொடுப்போம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஏதாவது செய்தாகவேண்டும்போல் இருந்தது எனக்கு. அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தமுறை அவர் சொன்னதை மட்டும்.

"மாமா, நான் மாத்தி எழுதினதையும் சேக்கணும்லா?"

"அது எதுக்கு? தட்டினது அவன். நீயா?"

போலீஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் குற்றங்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். எஸ்.ஐ. இளைஞர். தாள்களைப் புரட்டினார். புருவம் ஏறியது.

"இது நிங்ஙள் தன்னே வாயிச்சோ?" நீங்களேதான் வாசித்தீர்களா என்று கேட்டார்.

மாமா என் பக்கம் திரும்பவில்லை. "அதே சார்," என்று தலையாட்டினார்.

"இங்கிலீஷ் அறியாமோ?"

"அத்யாவஸ்யம் அறியாம்," தேவைக்குத் தெரியும் என்றார் மாமா.

"என்னிட்டும் மனசிலாயில்லே?" அப்படியும் புரியவில்லையா என்று கேட்டு, ஒரு தாளைத் தூக்கிப் பக்கத்து மேசைக் கான்ஸ்டபிளிடம் காட்டினார். "ஒரே பேஜில் ஆஸ்பத்திரீட பேரு ரெண்டு தரத்தில். ஒரு கொச்சுக் குட்டிக்குக் கூட மனசிலாவும். எந்தா ஜோலி?"

"கணக்கு எழுத்து."

"கணக்கு எழுத்தா? பெஸ்ட்!"

கான்ஸ்டபிள் சிரித்தார். ஜன்னலோரம் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். பேராசை பிடித்தால் படித்தவனுக்கும் கண் தெரியாது என்று எஸ்.ஐ. மலையாளத்தில் பொதுவாகச் சொன்னார். மாமாவும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். "பற்றிப்போயி சார்," என்றார், கணக்கில் ஒரு தவறு நேர்ந்துவிட்டதை முதலாளியிடம் ஒப்புக்கொள்வதுபோல்.

இவர் வாசிக்கவில்லை, நான்தான் வாசித்துத் திருத்திக் கொடுத்தேன். இதைச் சொல்ல மலையாளத்தில் ஒரே வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் வாயில் முழுதாக, பிழையில்லாமல் தயாராக இருந்தது.

கான்ஸ்டபிள் ஒரு படிவத்தை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். மாமாவின் பெயர், வயது, தொழில். சாட்சி என்று ஒரு வரி வந்ததும் பேனாவால் என்னைக் காட்டினார். "மோளாணோ? பேரு எழுதட்டே?"

"வேண்டா சார். அடுத்த வீட்டுக் குட்டியாணு. கூடே வந்நதேயுள்ளு," என்றார் மாமா அவசரமாக, நான் துணைக்கு வந்தவள் மட்டும்தான் என்று.

கான்ஸ்டபிள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதாவது சொல்கிறேனா என்று பார்த்ததாகத்தான் இருக்கவேண்டும். நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அந்த வரியில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, மாமாவிடம் கையெழுத்து வாங்கி, தாளை ஃபைலில் கோத்தார்.