சாக்கு மில்லின் ரேடியோ

"அத்தைக்கு என்ன ஐஸ்கிரீம்?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவள் கையைத் தூக்குவதற்குள், "அம்மாவுக்கு ஒண்ணும் வேண்டாம், தொண்டைக்கு ஆகாது" என்று மகள் முந்திக்கொண்டாள். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்ததிலிருந்து இதே கதைதான். தங்கமான மகள், குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் டாக்டரிடமும் காய்கறிக்காரரிடமும் அம்மாவுக்காகப் பேசிப் பேசி, அம்மாவின் பேச்சு முழுவதையும் தானே குத்தகைக்கு எடுத்துக்கொண்டாள்.

யாருக்கு வந்தது பாருங்கள் இந்தக் கதி. இன்று அவர்கள் வந்திருக்கும் இதே ஆற்றங்கரைச் சாக்கு மில்லில் அவள் தறி ஓட்டிய காலத்தில் அவளுக்குப் பெயர் ரேடியோ. தறி ஓடத் தொடங்கினால் இவளும் தொடங்கிவிடுவாள், மில்லின் சங்கு ஊதித்தான் நிறுத்த வேண்டும். அப்படிப்பட்டவள், சிலேட்டில் எழுதிக் காட்டச் சொன்னதும் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். பார்க்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். இனி நான் ஒரு மூட்டைதான், தூக்கி வைத்த இடத்தில் கிடப்பேன் என்று முடிவு கட்டிவிட்டாள். மகள் கெஞ்சிக் கூத்தாடித்தான் இன்று வெளியே கூட்டி வந்திருந்தாள்.

மில்லை ஊர்ப் பொது இடமாக மாற்றியிருந்தார்கள். தறிக்கூடத்தின் சுவர்களை எடுத்துவிட்டுத் தூண்களை மட்டும் விட்டிருந்தார்கள். சாக்குக் கட்டுகளைப் படகில் ஏற்றிய துறையில் அகலமான படிகள், படி நிறைய ஜனம். மேஸ்திரி உட்கார்ந்து உறுமிய அறை கழிப்பறையாகியிருந்தது. அதைப் பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது.

மேடையில் பாட்டுக் கச்சேரி தொடங்கியது. ஆளுயரப் பெட்டிகளிலிருந்து வந்த சத்தத்தில் நெஞ்செலும்பு அதிர்ந்தது. மகள் ஏதோ சொன்னாள், மாப்பிள்ளை "என்ன?" என்றார், மகள் மறுபடி கத்தினாள், அவர் காதைக் காட்டினார். படிக்கட்டு முழுக்க இதே கூத்து. அப்போதுதான் துறைக்குப் படகு வர ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்து விசிறியது.

நெட்டை. பக்கத்துத் தறிக்காரி. வீட்டு வாசல்வரை வந்து, பார்க்க முடியாமல் திரும்பிப் போனவள். ரேடியோவுக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. நெட்டை விடவில்லை. உதட்டை அகலமாக அசைத்து, கையால் கதவைச் சாத்திக் காட்டினாள்.

"ஏன்டி என் மூஞ்சில கதவைச் சாத்தின?"

தறிச் சத்தத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லில் எல்லாரும் இப்படி உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொண்டார்கள். மில் மூடியபின் அந்தப் பேச்சுக்கு வேலையில்லாமல் போனது, வீட்டில் யாருக்கும் புரியாது, அவளும் மறந்தே போனாள். இப்போது அவள் தன் தொண்டையைத் தொட்டு, விரலை இல்லையென்று ஆட்டினாள்.

நெட்டை இடுப்பில் கை வைத்து முறைத்தாள். "தொண்டைதானே போச்சு. கைக்கு என்ன கேடு? உனக்கு ரேடியோன்னு பேரு வந்ததே சத்தமில்லாத பேச்சுக்குத்தானே."

ரேடியோவின் கை தானாக எழுந்தது. முதலில் தடுமாறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, ஊசி, தனியாக அழுத அழுகை, உப்பில்லாத கஞ்சி, எல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, வயிறு ஏறி இறங்க ஒரு குறட்டை விட்டுக் காட்டினாள். மாப்பிள்ளையின் ஐஸ்கிரீம் பாதி வழியில் நின்றது.

பாட்டு நின்றது. நெட்டை பாலத்தைக் கடந்து மூச்சிரைக்க வந்து நின்றாள். மகள் பழக்கதோஷத்தில் குறுக்கே போய், "தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவால பேச முடியாது" என்றாள்.

"யாரால?" என்றாள் நெட்டை. "இவ்வளவு நேரம் என்னை வாயைத் திறக்க விட்டாளா உங்கம்மா?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து, ஜன்னல் திரையை ஒதுக்குவதுபோல மெல்ல ஓரமாக நகர்த்தினாள். பிறகு நெட்டையின் முகத்துக்கு நேராக இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.