ஆறாவது தொட்டிக்கு முதல் பந்தி

1

இந்தக் கதை ஓர் இடுக்கியால் வந்தது. அக்கா ஒரு வாரம் வெளியூர் போனபோது, பின்னறையில் அவள் வளர்க்கும் ஆறு சாலமாண்டர்களுக்குப் புழு ஊட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பார்க்கப் பல்லி, தொட்டால் தவளை. ஈரத் தோல்தான் அவற்றின் உயிர். முதலில் இப்படித் தொடங்கினேன்:

தோல்நோய் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவி—

(அடித்துவிட்டேன். எனக்குத் தெரியும்.)

2

ஆறாவது தொட்டிக்குப் புதிதாக வந்தவன் எலும்பும் தோலுமாக இருந்தான். புதியதன் நோய் மற்றவற்றுக்கு ஒட்டாமலிருக்க, 'புதுசு கடைசியில்' என்று அக்கா சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். பாவமாக இருந்ததால் அவனுக்கே முதல் பந்தி வைத்தேன். அதே இடுக்கியோடு மற்ற ஐந்து தொட்டிக்கும் போனேன். என் குற்றம் இரக்கம்.

(இந்தக் கடைசி வாக்கியத்தைப் பிறகு கவனிப்போம்.)

3

அக்கா வந்த மறுவாரம் புதியவன் செத்தான். மற்றவற்றின் தோலில் கறுப்புப் புண்கள். பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதித்ததில் ஐந்துக்குமே பூஞ்சை. கால்நடை மருத்துவர் போனில் சொன்னார்: "அறையை இருபத்தஞ்சு டிகிரியில வைங்க, பத்து நாள். கொறஞ்சா பூஞ்சை பொழச்சுக்கும். கூடுனா இதுங்க தாங்காது."

அக்கா என்னிடம் கேட்டாள்: "நீ எந்தத் தொட்டியில ஆரம்பிச்ச?"

"ஒண்ணுல இருந்துதான்."

"அப்ப உன்னால இல்ல, என் கைதான் கொண்டு வந்திருக்கு. இதுங்க பொழச்சா வேற யாருக்காவது குடுத்துடறேன்டா. எனக்கு லாயக்கில்ல."

பதினோரு வருடமாக வளர்க்கிறவள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

4

ஆக, இது உங்களுக்காக எழுதிய கதை அல்ல, மன்னியுங்கள். வாயால் சொல்லத் துப்பில்லாததால் எழுதினேன். இரண்டு முடிவு வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா அழுகிறாள், மற்றதில் மன்னிக்கி—

(இரண்டையும் கிழித்துவிட்டேன். அழுவதும் மன்னிப்பதும் அவள் பாடு.)

அறையைச் சூடாக்கிய ஆறாம் நாள் காலை மேலே உள்ளதை அவளிடம் கொடுத்தேன். வெப்பமானியில் ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாகப் படித்தாள்.

"இரக்கமாம் இரக்கம்! ஆறு தொட்டிக்கு ஆறு இடுக்கி தொங்குதே, கண்ணு தெரியலையா? சோம்பேறித்தனம்னு எழுதுடா."

(எழுதிவிட்டேன். என் குற்றம் சோம்பேறித்தனம். அதோடு பொய்யும்.)

தாளை மடித்து வைத்தாள். பிறகு கையுறைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"தொட்டிக்கு ஒரு ஜோடி. உள்ள வா. ஒண்ணுல இருந்து."

5

இன்று ஒன்பதாம் நாள். இருபத்தைந்து டிகிரி, இம்மி பிசகவில்லை. நான்காம் தொட்டிக் குண்டன் இன்னும் புழுவைத் தொடவில்லை. நாங்கள் விடுவதாக இல்லை. யாருக்காவது கொடுத்துவிடும் பேச்சை அக்கா மறுபடி எடுக்கவில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு உள்ளே வேலை இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: ஒன்றாம் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்.