மேனேஜருக்குக் கொடுத்த மாத்திரை

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேனேஜருக்கு மயக்க ஊசி போட்டு வயிற்றைத் திறந்து பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அது ஆபத்து என்று முதல் நாள்தான் எனக்குத் தெரிந்தது. காரணம் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

மேனேஜர் எங்கள் வீட்டு நாய். வயது எட்டு. வீட்டுக்குள் யார் வந்தாலும் கூடவே நடந்து, பையை முகர்ந்து, திருப்தியான பிறகே படுக்கும் என்பதால் அண்ணன் அந்தப் பெயரை வைத்தான். ஏழு மாதமாக அந்த மேற்பார்வை நின்றுபோயிருந்தது. வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கும். வாலில் முடி கொட்டி எலிவால் போல் ஆயிற்று. தீனியைக் கூட்டவே இல்லை, ஆனாலும் உடம்பு பெருத்தது. நான் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்துத் தராசில் நிறுத்தினேன். பதினொரு கிலோ இருந்தது பதினாலைத் தாண்டியிருந்தது.

"மேனேஜர் ரிடையர் ஆயிட்டாரு, விடு" என்றான் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு என்னையும் இப்படித்தான் சோம்பேறி என்றார்கள். குளிர், முடி கொட்டல், எடை, தூக்கம் எல்லாம் எனக்கும் இருந்தன. ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன்.

அதனால் அந்தத் தப்பைச் செய்தேன். என் டப்பாவிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என மேனேஜருக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். மருந்தை நாமாகக் கொடுப்பதென்றால் அண்ணனுக்கு ஆகாது, அவனிடம் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் அவனே அதைக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனான். அங்கே ரத்தம் எடுத்தார்கள். அன்று காலையிலும் மாத்திரை போயிருந்தது.

மாலையே பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு நார்மல். நான் நினைத்தது தப்பு என்று மாத்திரையை அன்றே நிறுத்தினேன். அடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. "கட்டியா இருக்கலாம். திறந்து ஒரு துண்டு எடுத்துப் பாத்துடுவோம்" என்றார் டாக்டரம்மா. பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து இன்னொன்றும் சொன்னார். "தைராய்டு நல்லா இருக்கறதாலதான் தைரியமா மயக்கம் குடுக்கறேன். அது கம்மியா இருந்திருந்தா, இவ்வளவு மெதுவா அடிக்கற இதயத்துக்கு மருந்து தாங்குமான்னு பயந்திருப்பேன்."

புதன்கிழமை எதையோ தேடி என் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினேன். போன வருடத்துத் தாள், அதற்கு முந்தைய வருடத்துத் தாள், எல்லாவற்றிலும் நார்மல் என்றே இருந்தது. எனக்கு நோய் இல்லை என்றா அதற்கு அர்த்தம்? மாத்திரை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

மேனேஜரின் ரத்தத்தில் இருந்தது என் மாத்திரை.

அன்று மாலைக்குள் மூன்று முறை அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். "உப்பு இருக்கா?" என்று ஒரு முறை கேட்டேன். மற்ற இரண்டு முறையும் எதுவுமே கேட்கவில்லை. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டான் என்ற பயம் ஒரு பக்கம். ஒருவேளை உண்மையிலேயே கட்டியாக இருந்து, என் பேச்சால் ஆபரேஷன் தள்ளிப்போய் மேனேஜர் செத்தால் என்ற பயம் மறுபக்கம்.

மறுநாள் எஃகு மேசையில் மேனேஜரைக் கிடத்தினார்கள். முன்னங்காலில் ஒரு சாண் முடியை மழித்தார்கள். அது முனகவும் இல்லை, பிடித்த பிடிக்குக் கிடந்தது. அண்ணன் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். டாக்டரம்மா ஊசியை வெளிச்சத்தில் பிடித்துத் தட்டினார்.

"டாக்டர், ஊசி போடாதீங்க!"

என் குரல் எனக்கே யாரோ கத்தியது போலிருந்தது.

"என்னம்மா?"

"ரத்தம் எடுத்த அன்னிக்கு மேனேஜர் என் தைராய்டு மாத்திரையைச் சாப்பிட்டிருந்துச்சு. பத்தொன்பது நாளா நான்தான் குடுத்தேன்."

அண்ணனின் கை நாயின் தலைமேல் அப்படியே நின்றது. "ஏய், அறிவிருக்கா உனக்கு? பார்சல்ல ஸ்டாம்ப் ஒட்டற மாதிரியா இது?"

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். என்ன அளவு, எத்தனை மணிக்கு, கடைசியாக எந்தத் தேதி என்று வரிசையாகக் கேட்டார். சொன்னேன். "இதை நேத்து சொல்லியிருக்கலாம். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா சொல்லியும் பிரயோஜனம் இல்ல" என்றார். அவர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

மாத்திரை நிறுத்திய நாளிலிருந்து ஆறு வாரம் எதுவும் கொடுக்காமல் காத்திருந்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். இம்முறை தைராய்டு சுரப்பு மட்டும் போதாது. சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையையும் சேர்த்து அளக்க வேண்டும். சுரப்பு குறைந்து கட்டளை கூடியிருந்தால் சந்தேகமே இல்லை. "அதுவரைக்கும் உடம்பு சில்லுனு ஆகி, எழுப்பினா எழுந்திருக்கலைன்னா அப்படியே தூக்கிட்டு ஓடி வாங்க. மணி பாக்காதீங்க."

அந்த வாரங்களில் அண்ணன் என்னோடு பேசவில்லை. நாயோடு பேசினான், எனக்குக் கேட்கும்படி. "மேனேஜர், வீட்ல ஒரு டாக்டர் இருக்காங்க, ஜாக்கிரதையா இருங்க." நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதன் காதைத் தொட்டுச் சூடு பார்த்தேன். விலாவில் கையை வைத்து அடுத்த துடிப்புக்குக் காத்திருப்பேன். வரும். ஆனால் அது வருவதற்குள் என் துடிப்பு இரண்டு போய்விடும். கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருக்குமோ, நான் வாயைத் திறந்ததே இரண்டாவது தப்போ என்று அந்த இடைவெளியில் நினைப்பேன்.

ஆறு வாரம் முடிந்ததும் மறுபடி ரத்தமும் ஸ்கேனும் எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை டாக்டரம்மா அண்ணனைத்தான் போனில் அழைத்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சுரப்பு அளக்கவே முடியாத அளவுக்குக் கம்மியாம். கட்டளை எக்கச்சக்கமா ஏறியிருக்காம்" என்றான். அத்தனை வாரங்களில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள். "ஸ்கேன்ல அந்தப் புள்ளி இம்மி கூட வளரலையாம். இப்போதைக்குத் தொட வேணாம், மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னாங்க."

மூன்று மாதம். அதற்கும் பயப்பட வேண்டியிருந்தது.

மாலையில் டாக்டரம்மா மேனேஜருக்கென்று தனியாக எழுதிய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி வந்தான். என்னுடையதைவிட அளவு அதிகம். தானே வாயைத் திறந்து உள்ளே போட்டு, அது விழுங்கும்வரை தாடையைப் பிடித்திருந்தான். பிறகு டப்பாவை என் கையில் கொடுக்காமல் அலமாரியின் மேல்தட்டில், எனக்கு எட்டாத இடத்தில் வைத்தான்.

"காலையில நான் குடுக்கறேன்" என்றான். "நீ கூட நின்னு பாரு."