அஞ்சு பேர் கேங்கில் நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் குணசுந்தரிக்கு வேலைக்குப் போகும் பெங்களூர் ரயில் கிடையாது. அன்றைக்காவது தூங்கித் தொலைக்காமல் போனும் கையுமாக வந்து நிற்கிறாளே என்று பழைய சுரங்கத் தொழிலாளி ரத்தினத்துக்கு அலுப்பாக இருந்தது.

"மாமா, விக்கில இருந்து அப்பா படத்தை எடுத்துடப் போறாங்க. நாளையோட டைம் முடியுது."

தங்கவயலைப் பற்றி ஊர்க்காரர்களே கூடி எழுதும் விக்கி அது. அதில் மைசூர் மைன்ஸ் சுரங்கத்துக்கான பக்கத்தில் அவள் ஏற்றிய படத்தில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்கு முன்னால் நாலு பேர்; ஓரத்தில் அவள் அப்பா ஜெயகரன். அடுத்த மாசமே கீழே பாறை வெடித்து, போனவன் மேலே வரவில்லை. அவளுக்கு அப்போது மூன்று வயது. ஜெயகரனுக்கு வேறு படமே இல்லை.

"உங்கப்பன் படம், உங்க ஊட்டு பிரிண்டு. எடுக்கறதுக்கு அவனுங்க யாரு?"

"பிரிண்ட்தான் நம்முளுது மாமா. உரிமை படம் எடுத்தவருக்கு. ஹரோல்ட் ஸ்டூடியோன்னு நீங்க சொன்னீங்க, போட்டேன். அவரு செத்துட்டாரு, குடும்பம் எங்கன்னே தெரியல. செத்தவங்களுக்கு வேற படம் இல்லன்னா நியாயப் பயன்பாடுன்னு சின்னதா போடலாம், வேற சில விக்கில. இங்க அதுவும் கூடாதாம்."

"கூடாதுன்னா போவட்டும் வுடு."

அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

ஹரோல்ட் சுரங்க கேட்டைத் தாண்டியதே இல்லை. அவனிடம் கேமராவை இரவல் வாங்கி, சாப்பாட்டுத் தூக்கில் ஒளித்து உள்ளே கொண்டுபோனது ரத்தினம். சுரங்கத்துக்குள் கேமரா கூடாது; வெளியே வரும்போது வாட்ச்மேன் தூக்கைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும். அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஹரோல்ட்தான். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பயம் மூடவில்லை. குடியிருக்கும், சுரங்கக் கம்பெனி கொடுத்த ஸ்கெலட்டன் வீட்டுக்கு இன்னும் பட்டா வரவில்லை. பழைய தப்பைக் காட்டியே கிளப்பிவிட்டால்?

"உக்காரும்மா. ஹரோல்ட் எடுக்கல. நான்தான் அமுத்துனேன்."

"இன்னா மாமா சொல்றீங்க!"

"அஞ்சு பேர் கேங்குல நாலு பேர் நிக்கிறான். இத்தினி வருசமா ஒருத்தனும் எண்ணிப் பாக்கல."

அவள் போனில் விக்கியின் அனுமதிப் படிவத்தைத் திறந்தாள். "அப்ப இது உங்களுது. நீங்க போனப்புறமும் அறுபது வருசம் உங்களுது."

"இந்த ஊடே என்னுது இல்ல" என்றார்.

"ஆனா இதுல கையெழுத்து போட்டா யாரு வேணா எடுத்துக்கலாம், விக்கக்கூட செய்யலாம். உங்க பேரை மட்டும் போட்டே ஆவணும்."

"இப்பத்தான் என்னுதுன்னே. அதுக்குள்ள குடுத்துடணுமா?"

"குடுத்தாத்தான் அப்பா அங்க இருப்பாரு."

"என்னை ஊட்டை வுட்டுக் கிளப்பிட்டா?"

அவள் யோசித்தாள். "தெரியல மாமா."

சமாதானம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். சுரங்கம் மூடியபோது காட்டின இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர். இதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு விரலால் திரையில் பெயரைக் கீறினார்.

"படம் எடுத்தவர், ரத்தினம்" என்று வாசித்தாள்.

"என் சுரங்க டோக்கன் நம்பரையும் போடு. ரத்தினம்னு இந்த ஊர்ல பத்து பேர் இருக்கான்."